பாவ் கிடைக்காத புதன்கிழமை

என்றைக்கும் என் அருமைக்குரிய எஸ்தரின் அப்பாவுக்கு,

உங்கள் நினைவு நாள் வருகிறது. கோயில் பத்திரிகையில் போடுவதற்கு நாலு வரி எழுதித் தரும்படி போதகர் ஐயா கேட்டார். போன வருஷம் மற்றவர்கள் எழுதியதை எல்லாம் எடுத்துப் படித்துப் பார்த்தேன். பாட்டு மாதிரி அழகாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படி வரவில்லை. பேனாவை எடுத்தால், போன மாசம் ஒரு புதன்கிழமை சாயங்காலம் நான் என்ன சமைத்தேன் என்பதுதான் வருகிறது. அதையே எழுதுகிறேன். படிக்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள். நீங்கள் சமையல்காரர்.

முதலில் வீட்டு விசேஷம். எஸ்தர் என் தோளுக்கு வந்துவிட்டாள். உங்கள் நெற்றி, உங்கள் பிடிவாதம். தெருப் பிள்ளைகளோடு ஹிந்தியில் சண்டை போடுகிறாள். என்னோடு தமிழில் சண்டை போடுகிறாள். நான் தாராவியில் ஒரு தையல் பட்டறைக்குப் போகிறேன். சட்டைக்குக் காலர் தைக்கிற வேலை. வீட்டில் உட்கார்ந்து பக்கத்து வீட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தவள்தானே நான்? இப்போது வரிசையாக ஓடுகிற மிஷின்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். முதல் வாரம் அந்தச் சத்தத்தில் தலைவலி வந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமை அந்தச் சத்தம் இல்லாவிட்டால் என்னமோ போல இருக்கிறது.

மே மாசக் கடைசி வந்தால் பட்டறையில் மூச்சுவிட நேரம் கிடையாது. பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது. ஊரில் இருக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் வெள்ளைச் சட்டை வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் ஞானமுத்து அண்ணன் ஊரிலிருந்து வந்தது.

அண்ணனை உங்களுக்குத் தெரியாதா? நீங்கள் மஞ்சள் காமாலையில் படுத்து எழுந்திருக்காமலே போன அந்த மழைக்காலத்தில், தந்தி கிடைத்ததும் மெட்ராஸ் வழியாக நின்றுகொண்டே வந்து சேர்ந்த மனுஷன். உங்கள் சவப்பெட்டியின் தலைமாட்டைத் தூக்கியது அதுதான். பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் கோடை லீவுக்கு வந்திருக்கிறது, நம்மைப் பார்க்க வந்திருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வருகிற வழியில் எஸ்தரை முன்னால் நடக்க விட்டுவிட்டு அண்ணன் மெதுவாகப் பேச்சை ஆரம்பித்தது.

"தங்கம், ரெண்டு பேரும் தனியா இங்க கெடந்து என்ன செய்யப் போறிய? பிள்ளைக்கு எங்க பள்ளிக்கூடத்துலயே எடம் கேட்டு வச்சிருக்கேன். பொறத்தால உள்ள ரூம்ப வெள்ளையடிச்சுப் போட்டிருக்கேன்."

அண்ணன் இன்னும் கொஞ்சம் குரலைத் தாழ்த்தியது.

"இன்னொண்ணும் சொல்லணும். எங்கூட ஒரு வாத்தியார் இருக்காவ. அவிய வீட்டம்மா தவறிப் போயி மூணு வருசமாச்சு. ரெண்டு பிள்ளைய. குடி கெடையாது, பொடி கெடையாது. ஒன்னப் பத்தி அவியளே கேட்டாவ. நீ கோவப்படாத. யோசிச்சுச் சொல்லு. வெள்ளிக்கிழமை வண்டி. புதன்கிழமைக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிரு, ஒங்க ரெண்டு பேருக்கும் சேத்து டிக்கெட்டுக்கு அலையணும்."

எனக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்கே ஆச்சரியம். வெட்கமாகவும் இருந்தது. உங்களிடம் ஓடி வந்து, "இங்க பாருங்க, அண்ணன் என்ன சொல்லுதுன்னு" என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. எனக்கு வேறு ஒரு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள் என்பதைக்கூட உங்களிடம்தான் முதலில் சொல்லத் தோன்றுகிறது. இதை யாரிடம் சொல்லி அழ?

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் மிஷினில் உட்கார்ந்து அதையே யோசித்தேன். ஊரில் கிணறு இருக்கிறது. குழாயடியில் வரிசை கிடையாது. அண்ணி நல்லவள். அந்த வாத்தியாரும் நல்லவராகத்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அண்ணன் வாயைத் திறக்காது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. சரி என்று சொல்லவும் நாக்கு எழும்பவில்லை.

புதன்கிழமை பட்டறையில் கூடுதல் வேலை. வெளியே வரும்போது விளக்குப் போட்டுவிட்டார்கள். நடந்து வரும்போதுதான் வீட்டில் அரிசி இல்லை என்பது நினைவுக்கு வந்தது. ரேஷனில் போடுகிற அரிசியின் கதை உங்களுக்குத் தெரியும். நீங்கள் போன பிறகு அது இன்னும் மோசம். இருந்ததை எல்லாம் அண்ணன் வந்த நாலு நாளில் பொங்கிப் போட்டாயிற்று. மீதி இருப்பது முழுக் கோதுமை. மாவு மில்லில் கொடுத்து அரைக்க நேரமில்லை. பாவ் ரொட்டியாவது வாங்கலாம் என்று ஓட்டமாக ஓடி ஈரானி பேக்கரிக்குப் போனால், கண்ணாடி அலமாரியில் தட்டு காலியாக இருக்கிறது. "பாவ் கதம்", தீர்ந்துவிட்டது என்றான் கடைக்காரன்.

பேக்கரி வாசலில் அப்படியே நின்றேன். உள்ளே அடுப்பின் சூடு முகத்தில் அடித்தது. வீட்டில் அண்ணன் பசியோடு உட்கார்ந்திருக்கும். இன்றைக்குத்தான் பதிலும் சொல்ல வேண்டும். பதிலும் இல்லை, சோறும் இல்லை. அப்போதுதான் எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது. நீங்கள் இல்லை என்கிற ஞாபகம் எப்போதும் இருக்கிறது, இது வேறே. முண்டா பனியனோடு, தோளில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு, இதே மாதிரி பாவ் கிடைக்காத ஒரு நாள் நீங்கள் நின்ற ஞாபகம்.

படிக்கிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் கோட்டைப் பக்கம், கப்பல்காரர்கள் வந்து போகிற ஒரு சின்ன ஹோட்டலில் சமையல் வேலை செய்தார். ஒரு நாள் அமெரிக்கக் கப்பல்காரன் ஒருவன் வந்து ஹாம்பர்கர் வேண்டும் என்று கேட்டிருக்கிறான். இவருக்கு அந்தப் பெயரே தெரியாது. பன்றிக்கறியா என்று கேட்டதற்கு இல்லை இல்லை என்று தலையாட்டிவிட்டு, நேரே சமையல் கட்டுக்குள் வந்துவிட்டானாம். கொத்துக்கறியைக் கையில் எடுத்து வடை மாதிரித் தட்டி, கீழே ஒரு கை, மேலே ஒரு கை வைத்து மூடிக் காட்டி, வாயைப் பெரிதாகத் திறந்தும் காட்டினானாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் பாவுக்கு நடுவில் அது வந்துவிட்டது. எஸ்தருக்கு முழுப் பெயரும் வாயில் நுழையவில்லை. பர்கர் என்று வைத்துக்கொண்டாள்.

அப்புறம் ஒரு நாள் பாவ் கிடைக்கவில்லை. பிள்ளை உதட்டைப் பிதுக்கிவிட்டாள். நீங்கள் என்ன செய்தீர்கள்? முட்டைக்கோஸை நூல் மாதிரி நறுக்கித் தட்டு நிறையப் பரப்பினீர்கள். மேலே வெங்காயம், தக்காளி, வினிகர் என்கிற புளிக்காடியில் ஊறின வெள்ளரிக்காய். கறியை வறுத்துச் சுடச் சுட அதன் தலையில் கொட்டி, முட்டையும் எண்ணெயும் அடித்த வெள்ளைச் சாற்றை ஊற்றிக் கலக்கினீர்கள். "மேல்நாட்டுக்காரன் இதுக்கு சாலட்னு பேரு வச்சிருக்கான் தங்கம். நம்ம வீட்டுல இது பாவ் இல்லாத பர்கர்" என்றீர்கள். சூடும் குளிர்ச்சியும் ஒரே வாயில் படணும், ஆற விடாதீங்க என்று எங்களை விரட்டினீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் களைத்து வருகிற நாளெல்லாம் அதுதான் நம் வீட்டு ராத்திரிச் சாப்பாடு. அடுப்பு பற்ற வைத்த கையோடு தட்டு வந்துவிடும்.

நீங்கள் போன பிறகு நான் அதைச் செய்யவே இல்லை. நீங்கள் கடைசியாகப் போட்டு வைத்த வெள்ளரிக்காய்ப் பாட்டில் ரொம்ப நாள் ஜன்னலில் இருந்தது. பூசணம் பிடித்த பிறகும் இருந்தது. ஒரு நாள் நான் பட்டறையிலிருந்து வருவதற்குள் எஸ்தர் அதைக் கொட்டிக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

பேக்கரியிலிருந்து கிளம்பி, ஒரு முட்டைக்கோஸ் வாங்கிக்கொண்டு கறிக்கடைக்குப் போனேன். மீரான் பாய் கடையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். நம் பக்கத்து மனுஷர், காயல்பட்டினம். கொத்துக்கறி என்றதும் கட்டையைத் திரும்பத் துடைத்துக் கத்தியை எடுத்தார். கொத்தி முடித்ததும் ஒரு முறை என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அவுக இருந்தா இன்னொரு தடவ கொத்துங்கம்பாக" என்று சொல்லி, தானாகவே இன்னொரு தடவை கொத்திக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தால் அண்ணன் கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறது. எஸ்தர் பாடப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி, இம்புட்டு நேரமா? ஒலை வைக்கலியா?" என்று கேட்டது அண்ணன்.

"அரிசி இல்லண்ணே. பாவும் இல்ல."

"அப்ப?"

நான் எஸ்தரைப் பார்த்தேன். என் கையில் இருந்த முட்டைக்கோஸையும் கறிப் பொட்டலத்தையும் அவள் பார்த்தாள். ஒரு நிமிஷம் அசையவே இல்லை. அப்புறம் எழுந்து அரிவாள்மணையை எடுத்துப் போட்டாள். "வெங்காயம் நான் அரியுதேன்" என்றாள்.

பம்ப் ஸ்டவ்வைப் பற்ற வைத்து இரும்புத் தவாவைப் போட்டேன். கறியில் உப்பும் மிளகும் போட்டுப் பிசைந்து, தவா புகைகிற நேரத்தில் தட்டையாக அமுக்கிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். கிளறாதே, கிளறாதே என்று நீங்கள் எத்தனை தடவை என் கையைத் தட்டிவிட்டிருக்கிறீர்கள். அடியில் சிவக்கட்டும், அப்புறம் திருப்பு, அப்புறம் உடை. அது எனக்கு மறக்கவில்லை. முட்டைக்கோஸைத் தண்ணீரில் போட்டு எடுத்துத் துணியில் ஒற்றிக் காய வைக்க வேண்டும் என்பதும் மறக்கவில்லை.

ஆனால் கடுகுத்தூளை எதில் போடுவீர்கள்? எனக்கு நினைவில்லை. கறியிலா, சாற்றிலா? நான் கறியில் என்றேன். எஸ்தர் சாற்றில் என்றாள். "எனக்கு நல்லாத் தெரியும்மா, அப்பா கிண்ணத்துலதான் போடுவாவ" என்றாள். "இல்லட்டி, கறி பிசையும்போது" என்றேன் நான். இரண்டு பேரும் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றோம். கேட்பதற்கு ஆள் இல்லை. இத்தனை பெரிய பம்பாயில், இத்தனை ஜனத்தில், அந்த ஒரு விஷயம் தெரிந்த ஒரே ஒருவர் நீங்கள். இன்னும் என்னவெல்லாம் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக எங்களை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறதோ. போனது தெரிவதற்குக்கூட ஒரு நாள் வர வேண்டியிருக்கிறதே.

கறி கருக ஆரம்பித்தது. கையிலிருந்ததைப் பாதி கறியிலும் பாதி கிண்ணத்திலும் போட்டேன்.

வெள்ளைச் சாறு எனக்கு வரவில்லை. முட்டை மஞ்சளில் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும் என்று தெரியும்; அவசரத்தில் கொட்டிவிட்டேன். திரிந்து போய் எண்ணெய் தனியாக மிதந்தது. பார்க்கவே பாவமாக இருந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு, காலையில் வாங்கின கெட்டித் தயிர் இருந்ததே, அதை எடுத்தேன். தக்காளி சாஸ் கொஞ்சம், காடி கொஞ்சம், கிள்ளுச் சர்க்கரை, பச்சை மிளகாய் ஒன்றைக் கீறி நசுக்கிப் போட்டு அடித்தேன். எதையும் நினைத்துப் பார்க்க நேரமில்லை. கொட்டிக் கலந்து மூன்று தட்டில் வைத்த பிறகுதான் உறைத்தது. இதற்கு உங்களிடம் நான் மனசுக்குள்கூடக் கேட்கவில்லை.

அண்ணன் தட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது.

"இது சாப்பாடா, தொட்டுக்கிடுத வகையா?"

"சாப்பாடுதான் மாமா. ஆறுறதுக்கு முன்ன சாப்புடுங்க" என்றாள் எஸ்தர். அப்படியே உங்கள் அதட்டல்.

முதல் வாய் வைத்ததும் அண்ணன் மென்றுகொண்டே இருந்தது. பச்சைக் கோஸை ஆடு மாதிரி எப்படித் தின்பது என்று நினைத்திருக்கும். இரண்டாவது வாய் பெரிதாக எடுத்தது. எனக்கு முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது, இது உங்களுடையது இல்லை. தயிரின் புளிப்பு முன்னால் நிற்கிறது, மிளகாய் பின்னால் வருகிறது. ஆனால் கறி மொறுமொறுவென்று இருந்தது, கோஸ் குளுகுளுவென்று இருந்தது. நன்றாகவே இருந்தது. நன்றாக இருந்ததுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. நீங்கள் இல்லாமலும் இது நன்றாக வந்துவிட்டதே என்று.

"இன்னும் கொஞ்சம் கெடக்கா?" என்று அண்ணன் தட்டை நீட்டியது. என் தட்டிலிருந்து எடுத்து வைத்தேன்.

கை கழுவி வந்து உட்கார்ந்து கேட்டது. எஸ்தர் இருக்கிறாளே என்று நான் தயங்கினேன். இந்த ஒற்றை அறையில் அவளுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது?

"சொல்லு தங்கம். என்ன முடிவு பண்ணியிருக்க?"

"நான் வரலண்ணே."

அண்ணன் விடவில்லை. "போனவியள நெனச்சுக்கிட்டுத்தான இங்கயே கெடக்க? நெனப்பு சோறு போடுமா? மாப்பிள இருந்தா அவியளே சொல்லுவாவ, போன்னு."

"அவிய என்ன சொல்லுவாவன்னு எனக்குத் தெரியலண்ணே. முன்னல்லாம் தெரியும். இப்பத் தெரியல. நான் அவியளுக்காவ இங்க இருக்கல. எனக்கு அந்த மிஷின் புடிச்சிருக்கு. சாயங்காலம் நானா நடந்து வாறது புடிச்சிருக்கு. இவ இங்கதான் பெறந்தா, இங்கதான் படிக்கா. அந்த வாத்தியார் நல்லவியளா இருக்கட்டும். அவியளுக்கு ஒரு நல்ல பொண்ணு கெடைக்கட்டும்."

இவ்வளவையும் நானா பேசினேன்? அண்ணனை எதிர்த்து இதற்கு முன் நான் ஒரு வார்த்தை பேசியது கிடையாது. அண்ணன் எஸ்தரைப் பார்த்தது.

"நீ என்னளா சொல்லுத?"

"அரிசி இல்லாத அன்னைக்கும் நாங்க பட்டினி கெடக்கல மாமா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எழுந்து போய்த் தட்டுகளை எடுத்துக்கொண்டு, தண்ணீர் புழங்குகிற மோரிக்குக் கழுவப் போய்விட்டாள்.

அண்ணன் அன்றைக்குச் சீக்கிரமே படுத்துவிட்டது. எனக்குப் பயமாக இருந்தது, மனசு விட்டுப் போய்விட்டதோ என்று. மறுநாள் நான் பட்டறையிலிருந்து வருவதற்குள் கோதுமையைத் தூக்கிக்கொண்டு போய் மில்லில் வரிசையில் நின்று அரைத்து வைத்திருந்தது. அது கோபமா, சமாதானமா? நம் வீட்டு ஆண்களின் மனசை யார் கண்டார்கள்?

வெள்ளிக்கிழமை வி.டி. ஸ்டேஷனில் வண்டியில் ஏற்றிவிட நானும் எஸ்தரும் போனோம். ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டது.

"அந்த வாத்தியாருகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். நீ அத நெனச்சு வெசனப்படாத. பெரிய லீவுக்கு ரெண்டு பேரும் வாங்க. ரூம்பு அப்படியேதான் கெடக்கும்." வண்டி நகரும்போது, "பச்சக் கோசு தின்னேன்னு ஒங்க மைனிகிட்டச் சொன்னா சிரிப்பா" என்றது. அதன் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

திரும்பி லோக்கல் வண்டியில் வரும்போது எஸ்தர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் அண்ணனிடம் சொன்னதை நினைத்துப் பார்த்தேன். உங்களுக்காக இல்லை என்று சொன்னேனே, அது முழு உண்மையா? தாதர் தாண்டினதும், நீங்கள் நம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் ஈரக் காகிதத்தில் சுற்றின கீரைக்கட்டோடு நிற்பீர்கள் என்று இன்னும் கண் தேடுகிறதே, அது எதற்காக? வேலை பிடித்திருப்பதும் உண்மை. இந்தத் தேடலும் உண்மை. இரண்டையும் வைத்துக்கொண்டு ஒருத்தி இருக்கக் கூடாதா? நீங்களே சொல்லுங்கள்.

நீங்கள் சொல்ல மாட்டீர்கள். இத்தனை மாசமும் எதற்கெடுத்தாலும் உங்களைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். எஸ்தருக்குக் காய்ச்சல் என்றால் கேட்பேன், பட்டறைக்குப் போகலாமா என்று கேட்பேன், காதில் விழாத பதிலுக்காகக் காத்துக்கொண்டு நிற்பேன். அது உங்களுக்கும் பாரமாகத்தானே இருந்திருக்கும்?

அதனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனிமேல் உங்களைக் கேட்டுக் கேட்டுச் செய்ய மாட்டேன். எனக்குச் சரி என்று பட்டதைச் செய்துவிடுவேன். தப்பாகப் போனால் நானே திருத்திக்கொள்வேன். ஆனால் செய்ததை எல்லாம், ஒன்று விடாமல், உங்களிடம் வந்து சொல்வேன். அதை மட்டும் யாரும் என்னிடமிருந்து எடுத்துவிட முடியாது.

சொன்னால் சொன்னபடி நிற்கிற,
உங்கள் வீட்டுக்காரி,
எஸ்தரின் அம்மா, தங்கபாய்
மாட்டுங்கா லேபர் கேம்ப், பம்பாய்